விழாவுக்கு நாள் உண்டு, வீதிக்கு?

(அம்பத்தூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



விளையாட்டு வேண்டாம் என்று கூற நான் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில், "பார்த்தீர்களா! நாட்டிலே பந்தயம் நடந்தால் பொறுக்கவில்லை இவர்களுக்கு, நகருக்குப் புகழ் வந்தால் வயிறு எரிகிறது இவர்களுக்கு" என்று நாளைக் காலையிலேயே எழுதிட ஏடுகள் உண்டு, பேசிட நாவுகள் உண்டு. விளையாட்டு வேண்டும். கொரட்டூர் ஏரிக்கரையிலே வெறுங்காலோடு பந்து உதைக்கும் பையன், நாளை நாட்டுக்காக ஆடவேண்டும் என்று ஆசைப்படுபவர்கள்தாம் நாம். உலக வீரர்கள் நம் ஊருக்கு வரவேண்டும், நம் பிள்ளைகள் அவர்களைக் கண்ணாரக் காணவேண்டும் என்பதிலே நமக்கு மாறுபாடு இல்லை.

நான் கேட்க வந்தது வேறு. விழாவுக்காக ஒரு நகரம் தன்னைச் சிங்காரித்துக்கொள்ளும்போது, தோண்டப்படும் தெரு யாருடையது? அடைக்கப்படும் பாதை யாருடையது? மண்ணையும் கல்லையும் சுமக்கும் தோள் யாருடையது? விழா முடிந்து விருந்தினர் விமானம் ஏறிய பிறகு, எஞ்சி நிற்பது யாருக்கு? இந்த நான்கு கேள்விகளைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

"இதை ஏன் அம்பத்தூரிலே பேசவேண்டும்? இங்கே பன்னாட்டு அரங்கமா இருக்கிறது? ஆவடியிலே ஒலிம்பிக்கா நடக்கிறது?" என்று கேட்கத் தோன்றும். பெரியமேட்டிலே நேரு விளையாட்டரங்கம் இருக்கிறதே, 1993-இலே புத்துருவம் பெற்றது, 1995 டிசம்பரிலே தெற்காசிய விளையாட்டு விழாவைக் கண்டது, அந்த அரங்கத்தை ஒட்டினாற்போல் ஓடும் பெருஞ்சாலை எது? இன்று பெரியார் பெயர் தாங்கி நிற்கும் அந்தச் சாலைக்குப் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை என்று பெயர்! அரங்கத்தின் வாசலிலே ஒரு தடுப்பு வைத்தால், அதன் வால் நம் ஊர்ப் பக்கம் நீளுகிறது. சென்ட்ரலை ஒட்டிய பாதை அடைபட்டால், வரிசையிலே கடைசியாக நிற்பவன் ஆவடிக்காரன். வீடு திரும்பிட இரவு பத்தைத் தாண்டுவது அவனுக்குத்தான். ஆகவே அம்பத்தூரிலே பேசாமல் இதை வேறெங்கே பேசுவது?

நாம் வாழும் வீதி

நமது பகுதி எப்படிப்பட்டது என்பதை நாட்டுக்கு நினைவூட்டவேண்டியிருக்கிறது. 1955 சனவரியிலே ஆவடியிலே காங்கிரஸ் மாநாடு கூடிற்று. சோசலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறிற்று. 1961-இலே ஆவடியிலே கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1965-இலே விஜயந்தா டாங்கி அங்கிருந்து உருண்டு வெளிவந்தது. 1964-இலே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டறைகள் அங்கே. ஆணி முதல் அச்சு வரை, திருகு முதல் தகடு வரை இங்கே உருவாகிறது. இந்தியாவின் சாலைகளிலே ஓடும் எத்தனையோ வண்டிகளின் உறுப்புகள் இங்கேதான் கடைசல் பிடிக்கப்படுகின்றன.

நாட்டின் வண்டிகளுக்கெல்லாம் உறுப்பு செய்து கொடுக்கும் இந்த மக்கள், தங்கள் ஊர்ச் சாலையிலே எப்படிப் போகிறார்கள்? பாடியிலிருந்து கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, திருநின்றவூர் என்று செல்லும் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையை நீங்கள் அறிவீர்கள். நெடுஞ்சாலை என்று பெயர்; நெடுகிலும் நெரிசல்! பொருள் ஏற்றிய லாரி ஒரு பக்கம், பள்ளி வண்டி ஒரு பக்கம், ஷேர் ஆட்டோ நடுவிலே, ஷிப்டுக்கு விரையும் தொழிலாளியின் இருசக்கர வண்டி இடுக்கிலே. அந்தச் சாலையை அகலப்படுத்துவது பற்றிய பேச்சு நேற்று எழுந்ததல்ல. பத்தாண்டுக்கும் மேலாக அது அறிவிப்பாக வந்தது, அளவுக்கல்லாக நின்றது, நில எடுப்புக் கோப்பாக ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நடந்தது. 2011-இலே அம்பத்தூர் சென்னை மாநகராட்சியிலே சேர்ந்தது. 2019-இலே ஆவடி தானே மாநகராட்சி ஆயிற்று. ஊர்களின் பெயர்ப்பலகை மாறிய வேகத்திலே சாலையின் அகலம் மாறவில்லை.

பூவிருந்தவல்லிப் பக்கம் பாருங்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூவிருந்தவல்லி வரை 26 கிலோமீட்டருக்கு மெட்ரோ இரயில் பாதை. நல்ல திட்டம், நமக்கு வேண்டிய திட்டம். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தைச் சேர்ந்த இதற்கு 2020 நவம்பரிலே ஒன்றிய உள்துறை அமைச்சர் அடிக்கல் நாட்டினார். அதே திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது எப்போது? 2024 அக்டோபர் 3! அடிக்கல்லுக்கும் ஒப்புதலுக்கும் இடையே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். கல் நாட்டிட வந்தவர்களுக்குக் கையெழுத்திட நாள் கிடைக்கவில்லை! அந்த நான்கு ஆண்டுகளும் போரூர்ப் பக்கத்திலும் ஆற்காடு சாலையிலும் தகரத் தடுப்புகளுக்கு நடுவே ஊர்ந்தவர்கள் யார்? புழுதியிலே கடை திறந்து, வாடிக்கை இழந்து, வாடகை மட்டும் இழக்காமல் கட்டியவர்கள் யார்? நம்மவர்கள்தாம்.

விருந்தினருக்குக் குறித்த நாள்

இப்போது வாருங்கள் விளையாட்டு விழாவுக்கு.

44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு. மாஸ்கோவிலே நடக்கவிருந்த விழா அது. உக்ரைன் மீது படையெடுப்பு நிகழ்ந்தது. விழா அங்கிருந்து எடுக்கப்பட்டது. 2022 மார்ச்சிலே சென்னைக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 28-இலே தொடக்க விழா! நான்கரைத் திங்கள்தான் இடைவெளி. 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் வந்தன. மாமல்லபுரத்திலே அரங்கம் ஆயத்தமாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலை பளிச்சிட்டது. நேப்பியர் பாலத்துக்குக் கூடக் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் தீட்டப்பட்டது. உலகம் பாராட்டிற்று. நாமும் மகிழ்ந்தோம். பாராட்டு, உரியவர்களுக்கு உரியதே.

அடுத்து மோட்டார்ப் பந்தயம். தீவுத்திடலைச் சுற்றி, கொடிமரச் சாலை, அண்ணாசாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என மூன்றரைக் கிலோமீட்டர்ச் சுற்று. 2023 டிசம்பரிலே நடக்கவேண்டியது. மிக்ஜாம் புயல் வந்து சென்னையை மூழ்கடித்தது, பந்தயம் தள்ளிவைக்கப்பட்டது, 2024 ஆகஸ்டு 31-ம் செப்டம்பர் 1-ம் மறுநாள்களாகக் குறிக்கப்பட்டு, இரவிலே விளக்கொளியிலே நடந்து முடிந்தது.

அதே மிக்ஜாம் புயலிலே இந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் வெள்ளம் புகுந்தது. இயந்திரங்கள் நீரிலே நின்றன. மோட்டார்கள் சேற்றிலே புதைந்தன. பட்டறை முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து வாளியால் நீர் இறைத்தார்கள். புயல் ஒன்றே, அது கெடுத்தது இரண்டை. ஒன்று பந்தயம், மற்றொன்று பட்டறை. பந்தயத்துக்கு மறுநாள் குறிக்கப்பட்டது. பட்டறைத் தெருவின் வடிகாலுக்கு இன்ன நாளிலே முடியும் என்று யார் குறித்துக் கொடுத்தார்கள்?

இதுதான், தோழர்களே, நான் சொல்ல வந்த ஒரே கருத்து. விழாவுக்கு நாள் உண்டு. வீதிக்கு நாள் இல்லை. பணம் இல்லாததாலா வீதி கெடுகிறது? திறமை இல்லாததாலா? இல்லை! அதே பொறியாளர்கள், அதே துறைகள், அதே கருவூலம். விழா என்றால், நாள் ஒன்று தலைக்கு மேலே தொங்குகிறது. ஆகவே நெடுஞ்சாலைத் துறையும், மின்வாரியமும், குடிநீர் வாரியமும், மாநகராட்சியும், காவல்துறையும் ஒரே மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். எவர் முதலில் தோண்டுவது, எவர் பிறகு மூடுவது என்று ஒழுங்கு பிறக்கிறது. நம் வீதி என்றாலோ, குழாய்க்காரர் தோண்டி மூடிய மறுவாரம் கம்பிக்காரர் வருகிறார். அவர் மூடிய மறுமாதம் வடிகால்காரர் வருகிறார்.

நாடகம் எழுதுபவன் நான். அந்தக் காட்சியை அப்படியே எழுதினால் இப்படி இருக்கும்:

"ஐயா, இந்தப் பள்ளத்தை எப்போது மூடுவீர்கள்?"

"வேலை முடிந்ததும் மூடுவோம், தம்பி."

"வேலை எப்போது முடியும்?"

"பள்ளத்தை மூடியதும் முடிந்ததாகிவிடும்."

சிரிக்கிறீர்கள். மழைக்காலத்து இரவிலே அந்தப் பள்ளத்திலே வண்டியோடு விழுந்தவன் வீட்டிலே சிரிப்பு இல்லை.

ஒரு மறுப்பு வரும். அதையும் நேர்மையோடு எடுத்துப் பார்ப்போம். "இருக்கிற சாலைக்குத் தார் பூசுவதும், வண்ணம் தீட்டுவதும் எளிது. சாலையை அகலப்படுத்த வீடுகளை எடுக்கவேண்டும், கடைகளை எடுக்கவேண்டும், இழப்பீடு தரவேண்டும், வழக்கு வரும். இரண்டையும் ஒப்பிடலாமா?" என்பார்கள். உண்மைதான். தீட்டுவது வேறு, கட்டுவது வேறு. ஆனால் கட்டுவதற்கும் நாள் குறித்தவர்கள் உண்டு. டோக்கியோவிலே 1964 அக்டோபர் 10-இலே ஒலிம்பிக் தொடக்கம். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே, ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவுக்கு, புதிய அதிவேக இரயில் பாதையை முடித்து வண்டி விட்டார்கள். எப்போது? அக்டோபர் 1-இலே! விழாவுக்கு ஒன்பது நாள் முன்பு. மலை குடைந்தார்கள், ஆறு கடந்தார்கள், நிலமும் எடுத்தார்கள், நாளும் தவறவில்லை. நம் தலைநகர் தில்லியிலும் 1982 ஆசிய விளையாட்டு விழாவுக்காக அரங்கங்களும் மேம்பாலங்களும் குறித்த நாளுக்குள் எழுந்தன. நாள் இருந்தால் பெரும்பணியும் முடியும் என்பதற்கு இவையே சான்று.

நாளுக்குள்ளே மறைந்திருக்கும் மனிதன்

ஆனால் இங்கே நின்றுவிட்டால் நாம் பாதி உண்மையைத்தான் பேசியவர்களாவோம். "நாள் குறியுங்கள், விரைவாகக் கட்டுங்கள்" என்று மட்டும் கேட்டால், அந்த விரைவின் விலையை யார் தலையிலே கட்டுவார்கள் என்பது நமக்குத் தெரியும். தில்லியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1982 நவம்பர் 19-இலே தில்லியிலே விழா தொடங்கிற்று. அப்பு என்ற யானைக்குட்டி சின்னமாக ஆடிற்று. அந்த அரங்கங்களையும் பாலங்களையும் கட்டிட, வெளி மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கிலே ஏழைகள் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். அன்று சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. ஒப்பந்தக்காரர் கூலியைக் கொடுத்தார். தொழிலாளியின் கையிலே அல்ல, ஜமேதாரின் கையிலே. ஜமேதார் தலைக்கு ஒரு ரூபாய் தரகு எடுத்துக்கொண்டு, 8 ரூபாய் 25 காசைக் கொடுத்தார். பெண்களுக்கு 7 ரூபாய். 14 வயது நிரம்பாத பிள்ளைகளும் கட்டட வேலையிலே இருந்தார்கள்.

மக்கள் சனநாயக உரிமைகளுக்கான ஒன்றியம் என்ற அமைப்பு, நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதிற்று. கடிதத்தையே வழக்காக ஏற்றது உச்ச நீதிமன்றம். 1982 செப்டம்பர் 18-இலே தீர்ப்பு வந்தது. சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவன் உழைக்கிறான் என்றால், அவன் விரும்பி உழைக்கவில்லை. பசி அவனைப் பிடரியிலே கைவைத்துத் தள்ளுகிறது. ஆகவே அது கட்டாய உழைப்பே, அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடுத்திருக்கும் கொடுமையே என்று நீதிமன்றம் கண்டது. எண்ணிப் பாருங்கள்! ஒரு விளையாட்டு விழாவுக்குக் கல் சுமந்த கூலிகளின் ஒரு ரூபாய், இந்த நாட்டின் தொழிலாளர் அனைவருக்கும் ஒரு சட்டக் கேடயத்தைச் செய்து கொடுத்தது. அந்த விழாவிலே பதக்கம் வென்றவர் பட்டியல் ஏடுகளிலே இருக்கிறது. கேடயம் வென்ற அந்தக் கூலிகளின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

அதே தில்லி, 2010. காமன்வெல்த் விளையாட்டு. அக்டோபர் 3-இலே தொடக்கம். செப்டம்பர் 21-இலே, நேரு விளையாட்டரங்கத்தின் அருகே, அவசர அவசரமாகக் கட்டப்பட்டு வந்த நடைபாலம் இடிந்து விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயமுற்றார்கள். ஏழு ஆண்டு அவகாசம் இருந்தது; 2003-லேயே விழா தில்லிக்கு என்று முடிவாகிவிட்டது. உறங்கியது மேலே, விழுந்தது கீழே இருந்தவன் மீது.

தில்லி தொலைவு என்று எண்ணவேண்டாம். 2025 ஜூன் 12 இரவு, நம் மணப்பாக்கம், இராமாபுரம் பக்கத்திலே, கட்டப்பட்டு வந்த மெட்ரோ பாதையின் பெரும் உத்திரங்கள் சரிந்து விழுந்தன. இருசக்கர வண்டியிலே சென்றுகொண்டிருந்த ஒருவர் உயிர் இழந்தார். அங்கே எந்த விளையாட்டு விழாவும் இல்லை. ஆனாலும், தலைக்கு மேலே கட்டுமானம் நடக்கையிலே கீழே நடப்பவனின் உயிருக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வி அதுவேதான்.

ஆகவே நாம் கேட்கும் நாள், கூலியைத் தின்று வளரும் நாளாக இருக்கக்கூடாது. தொழிலாளியின் உயிரைப் பணயம் வைத்து வெல்லும் பந்தயமாக இருக்கக்கூடாது. நாளும் வேண்டும், அந்த நாளுக்குள்ளே மனிதனும் பிழைக்கவேண்டும்.

படுதாவுக்குப் பின்னே

நாடக மேடையிலே படுதா உண்டு. முன்னாலே அரண்மனை, பின்னாலே கிழிந்த துணியும் மூங்கிலும். நாடகத்திலே அது குற்றமல்ல. காசு கொடுத்துவந்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் அரசு படுதா கட்டினால்? 2010-இலே தில்லியிலே, குடிசைப் பகுதிகள் வெளிநாட்டார் கண்ணிலே படாதிருக்க, சாலையோரத்திலே விளம்பரத் தட்டிகளை நிறுத்தினார்கள். 2020 பிப்ரவரியிலே அமெரிக்க அதிபர் டிரம்ப் அகமதாபாத்தின் கிரிக்கெட் அரங்கத்துக்கு வந்தார். அவர் கடந்து செல்லும் வழியிலே ஒரு குடிசைப் பகுதியின் முன்னே சுவர் எழுப்பினார்கள். வறுமையை ஒழிக்க ஆண்டுகள் ஆகும். மறைக்க ஒரு வாரம் போதும் போலும்! அந்தச் சுவரைக் கட்டிய செங்கல்லிலே அந்தக் குடிசைகளுக்கே நடுச்சுவர் எழுப்பியிருக்கலாமே என்று கேட்க ஒருவரும் இல்லையா அந்த அவையிலே?

பாதையை அடைப்பது பற்றியும் ஒரு சொல். மோட்டார்ப் பந்தயம் சென்னைக்குப் புதிதல்ல. நம் வடக்கே சோழவரத்திலே, போர்க்காலத்து விமான ஓடுதளத்திலே, பல்லாண்டுக் காலம் பந்தயம் நடந்தது. ஊர் திரண்டு சென்று பார்த்தது. பிறகு, பூவிருந்தவல்லியைத் தாண்டி, திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலே அதற்கென்றே தடம் அமைந்தது. அங்கே பறந்தால் எவருடைய வழியும் அடைபடுவதில்லை. நகரின் நடுவிலே, ஓமந்தூரார் தோட்டத்து அரசு மருத்துவமனைக்கு அருகே, தலைமைச் செயலகத்துக்குச் செல்லும் வழியிலே பந்தயம் விடுவதென்றால், அதிலே கவர்ச்சி இருக்கலாம், காட்சி இருக்கலாம். "இரண்டு நாள்தானே" என்பார்கள். ஓட்டம் இரண்டு நாள். தடுப்பும் வேலியும் இரண்டு நாளிலே முளைத்து இரண்டு நாளிலே மறைவதில்லை. அந்த வழியிலே அன்றாடம் பூ விற்பவள், இளநீர் விற்பவன், ஆட்டோ ஓட்டுபவன், இவர்களுடைய இழப்பை எந்தக் கணக்கிலே எழுதினோம்? பந்தயத்தின் வரவு செலவிலே சக்கரத்துக்குச் செலவு உண்டு, விளக்குக்குச் செலவு உண்டு. பூக்காரியின் இரண்டு நாள் பட்டினிக்கு ஒரு வரி உண்டா?

நல்லவிதமாகவும் நடத்தலாம்

நடத்தவே முடியாது என்று சொன்னால் நாம் அரசியல்வாதிகள் அல்ல, அழுகுணிகள். நடத்தலாம், நல்லவிதமாக நடத்தலாம். அதற்கும் சான்று உண்டு.

பார்சலோனா நகரம் 1992 ஒலிம்பிக்கை ஒரு சாக்காக வைத்து, ஊரைச் சுற்றிப் புறவழிச் சாலை அமைத்துக்கொண்டது. தொழிற்கூடங்களும் இரயில் பாதையும் மறைத்துக் கிடந்த கடற்கரையை மக்களுக்குத் திறந்துவிட்டது. விருந்தினர் பதினாறு நாள் இருந்து சென்றனர். சாலையும் கடற்கரையும் ஊராருக்கு நின்றன. கனடாவின் மாண்ட்ரியால் நகரமோ 1976-இலே ஒலிம்பிக் நடத்திவிட்டு, அந்தக் கடனை 2006 வரை, முப்பது ஆண்டு, கட்டித் தீர்த்தது. அரங்கம் கட்டிய கடனுக்குச் சுருட்டுக்காரனும் சிகரெட்டுக்காரனும் வரி கொடுத்தார்கள்! ஒரே ஒலிம்பிக்தான்; ஒரு நகருக்கு வரவு, ஒரு நகருக்குச் செலவு. வேறுபாடு எங்கே? விழா முடிந்த மறுநாளை எண்ணி முதல்நாள் திட்டமிட்டார்களா என்பதிலே.

ரியோ நகரிலே 2016 ஒலிம்பிக் பூங்காவை ஒட்டி, விலா ஆட்டோட்ரோமோ என்றொரு ஏழைக் குடியிருப்பு. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அங்கே இருந்தன. பெரும்பாலோர் அகற்றப்பட்டனர். ஏறத்தாழ இருபது குடும்பங்கள் மட்டும் அசையவில்லை. இடிபாடுகளுக்கு நடுவே நின்று போராடின. அதே இடத்திலே புதுவீடு பெற்றன. உறுதியோடு நின்றவர்களுக்கு உலக விழாவும் வழிவிட்டது.

சேப்பாக்கத்திலே ஒரு நல்ல ஏற்பாட்டைக் கண்டோம். 2024-இலே ஐ.பி.எல். ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கியவர், அதே சீட்டைக் காட்டி மாநகரப் பேருந்திலே செல்லலாம் என்று செய்தார்கள். சிறிய ஏற்பாடு, பெரிய அறிவு. ஆயிரம் கார் வரவேண்டிய இடத்துக்குச் சில பேருந்து போதும். பாதையை அடைத்து நெரிசலைக் குறைப்பதைவிட, பயணத்தைப் பொதுவாக்கிக் குறைப்பது சிறந்தது அல்லவா?

நாம் செய்யவேண்டியது

தோழர்களே! 2030-ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டு அகமதாபாத்துக்கு வழங்கப்பட்டுவிட்டது. 2036 ஒலிம்பிக்கை இந்தியாவிலே நடத்தவேண்டும் என்ற முயற்சியும் நடக்கிறது. சென்னைக்கும் பெருவிழாக்கள் இனியும் வரும். வரட்டும்! வருமுன்பே நாம் சில வரையறைகளை வகுத்துக்கொள்ளவேண்டும்.

ஒன்று: விழாவுக்கென ஒரு ரூபாய் சாலையிலே செலவிட்டால், அந்தச் சாலை விழா முடிந்த பிறகும் ஊராருக்குப் பயன்படும் சாலையாக இருக்கவேண்டும். விருந்தினர் வரும் வழி மட்டுமல்ல, தொழிலாளி போகும் வழியும் அந்தத் திட்டத்திலே இடம்பெறவேண்டும்.

இரண்டு: எந்தப் பணிக்காகத் தெருவைத் தோண்டினாலும், தொடங்கும் நாள், முடியும் நாள், ஒப்பந்தக்காரர் பெயர், பொறுப்பு அதிகாரி பெயர் ஆகியவை தமிழிலே, கண்ணுக்குத் தெரியும்படி பலகையிலே எழுதப்படவேண்டும். நாள் தவறினால் காரணம் அதே பலகையிலே வரவேண்டும்.

மூன்று: பாதை அடைக்கப்பட்டால், அடைக்கும் முன்னரே மாற்றுப் பேருந்தும், ஆவடி, அரக்கோணம் தடத்திலே கூடுதல் மின்சார இரயிலும் ஏற்பாடாகவேண்டும். மருத்துவமனைக்கு வழி ஒருபோதும் அடைபடக்கூடாது.

நான்கு: சாலையோர வணிகர்களுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு தந்தது. விழாவுக்காக அவர்களை விலக்கினால், அந்த நாட்களின் வருமானம் விழாச் செலவிலே சேரவேண்டும்.

ஐந்து: கட்டுமானச் செலவிலே ஒரு விழுக்காடு தீர்வையாகப் பெற்று, அதைக் கட்டடத் தொழிலாளர் நலனுக்குச் செலவிட 1996-லேயே சட்டம் வழிவகுத்தது. வடக்கேயிருந்து வந்து நம் ஊரிலே தூண் நிறுத்தும் தொழிலாளியும் அந்த நலனுக்கு உரியவனே. அவன் மொழி வேறாக இருக்கலாம். அவன் முதுகிலே வழியும் வியர்வைக்கு மொழி ஏது? தில்லியிலே தமிழ்க் கூலி ஏமாற்றப்பட்டால் நாம் பதைப்போம். பூவிருந்தவல்லியிலே ஒரிசாக் கூலி ஏமாற்றப்பட்டால் பார்த்துக்கொண்டிருப்பது நமக்குப் பெருமையா?

இவற்றையெல்லாம் யாரோ வந்து செய்து தருவார்கள் என்று காத்திருக்கவேண்டாம். கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். பட்டம் இல்லாமலே ஒன்றைக் கற்றுக்கொண்டேன். அதிகாரம் அஞ்சுவது கூச்சலுக்கு அல்ல, குறிப்புக்கு! உங்கள் தெருவிலே பள்ளம் தோண்டினால், தோண்டிய நாளைக் குறித்துவையுங்கள். பகுதி சபை கூடும்போது எழுந்து நின்று கேளுங்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாயும் ஒரு தாளும் போதும்: இப்பணிக்கு ஆணையிட்ட நாள் எது, முடிக்க ஒப்புக்கொண்ட நாள் எது, நீட்டித்தது எத்தனை முறை, காரணம் என்ன? நான்கே கேள்வி. வட்டத்துக்கு ஒரு தோழர் இதைச் செய்தால், பாடியிலிருந்து திருநின்றவூர் வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பிறந்தநாள் பதிவாகிவிடும். பிறந்தநாள் தெரிந்துவிட்டால், முடிவு நாளைக் கேட்பதிலே தடுமாற்றம் இராது. நம்மவர் ஆட்சியிலே இருந்தாலும் கேளுங்கள். மாற்றார் ஆட்சியிலே இருந்தாலும் கேளுங்கள். பள்ளத்துக்குக் கட்சி கிடையாது, விழுபவனுக்கும் கிடையாது.

விருந்தினரைப் போற்றுவது தமிழர் பண்பு. வீட்டுக்கு விருந்தினர் வந்தால் திண்ணையை மெழுகுவோம், கோலமிடுவோம், இருப்பதிலே நல்லதை இலையிலே இடுவோம். ஆனால் விருந்து முடிந்த பிறகும் அந்தத் திண்ணையிலே உட்காரப்போவது வீட்டுப் பெரியவர்தாம். அந்த முற்றத்திலே ஓடி விளையாடப்போவது வீட்டுக் குழந்தைதான். விருந்தினர் வரும் நாளிலே மட்டும் மெழுகப்படும் வீட்டை நல்ல வீடு என்று எவரும் சொல்வதில்லை.

ஆட்சியிலே அமர்பவர் எவராயினும் அவர்களை நாம் கேட்பது இதுவே: விருந்தினருக்குக் குறித்துக் கொடுத்த நாளைப்போல, வீட்டாருக்கும் ஒரு நாளைக் குறித்துக் கொடுங்கள்! அந்த நாள் வரும்வரை, தோழர்களே, கேட்பதை நாம் நிறுத்தக்கூடாது.